ஷேக்ஸ்பியரில் கடினமான சொல் ஏமாற்றாது, தெரிந்த சொல்தான் ஏமாற்றும்

கேள்வி இது: "பி.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறேன். ஷேக்ஸ்பியர் நாடகங்களை மூலத்திலேயே படிக்கலாம் என்று உட்கார்ந்தால் வழக்கொழிந்த சொற்கள் ஒரு பக்கம், அணிகளின் பெயர்கள் இன்னொரு பக்கம் என்று திணறுகிறேன். சொற்பட்டியலையும் அணிப்பட்டியலையும் முதலில் மனப்பாடம் செய்துவிட்டு நாடகத்துக்குள் போகலாமா?"

வேண்டாம். இரண்டு பட்டியலையும் மூடி வையுங்கள். காட்சியில் யார் யாரிடம் பேசுகிறார்கள், என்ன தொனியில் பேசுகிறார்கள் என்று காது கொடுத்தால் சொல்லும் விளங்கும், அணியும் தானாகவே கண்ணில் படும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஷேக்ஸ்பியர் எழுதியது பழைய ஆங்கிலம் என்று பலர் சொல்கிறார்கள். உண்மையான பழைய ஆங்கிலம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தையது. தனியாகப் பாடம் கேட்காமல் அதில் ஒரு வரியைக்கூட இன்றைய ஆங்கிலேயரால் படிக்க முடியாது. ஷேக்ஸ்பியர் (1564–1616) எழுதியது நவீன ஆங்கிலத்தின் தொடக்கக் கட்டம். அவருடைய சொற்களில் பெரும்பாலானவை இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. சிக்கலே அதுதான். தெரியாத சொல் வந்தால் நின்று அகராதியைப் பார்ப்போம். தெரிந்தது போல இருக்கும் சொல்லை யார் தேடப்போகிறார்கள்?

நானும் ஏமாந்தவன்தான். ஜூலியட் மாடத்தில் நின்று "ஓ ரோமியோ, ரோமியோ, வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ" என்று சொல்லும் வரியை, "ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய்?" என்று காதலனைத் தேடும் வரியாகத்தான் வெகுநாள் புரிந்துவைத்திருந்தேன். வேர் என்றால் எங்கே, அவ்வளவுதானே! அப்புறம் ஒருநாள்தான் உறைத்தது. தேர்ஃபோர் என்றால் அதனால். அப்படியானால் வேர்ஃபோர் என்பது எதனால். தமிழில் அகரமும் எகரமும் செய்கிற வேலையை அங்கே 'தேர்' என்பதும் 'வேர்' என்பதும் செய்கின்றன. "நீ எதனால் ரோமியோவாக இருக்கிறாய்?" என்று கேட்கிறாள். எதிரி வீட்டுப் பெயரை ஏன் சுமக்கிறாய், வேறு யாராகவாவது பிறந்திருக்கக் கூடாதா என்ற ஆற்றாமை அது. "பெயரில் என்ன இருக்கிறது?" என்ற புகழ்பெற்ற வரி இதே பேச்சில் கொஞ்சம் தள்ளி வருகிறது. முதல் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் இரண்டாவது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

சொல் அப்படியே நின்று பொருள் மட்டும் நகர்வது நமக்குப் புதிதா என்ன? "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று ஆண்டாள் கேட்டபோது நாறுதல் என்றால் மணத்தல். இன்றைக்குப் பக்கத்து வீட்டில் போய் "உங்கள் வீட்டுப் பூஜையறை நாறுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'நாட்டி' என்றால் இன்று குறும்பு. ஷேக்ஸ்பியரில் கெட்ட, பொல்லாத. 'ஃபாண்ட்' என்றால் இன்று பிரியமான. அங்கே பெரும்பாலும் அசட்டுத்தனமான. 'லெட்' இன்னும் விசேஷம். இறந்த தந்தையின் ஆவிக்குப் பின்னால் போக முயலும் இளவரசன் ஹாம்லெட்டை நண்பர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். "என்னை லெட் செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன்" என்று திமிறுகிறான். இன்றைய பொருளில் எடுத்தால், அனுமதிப்பவனையா கொல்லப்போகிறான்? அங்கே லெட் என்றால் தடுத்தல். இந்தப் பொருள் செத்துப்போகவும் இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டின் உள்ளே 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருக்கிறதே, தடையின்றிப் போக விடுங்கள் என்ற அந்தக் கோரிக்கையில் இருப்பது இதே லெட்தான்.

தமிழ் தெரிந்தவருக்குச் சாதகமாக விழும் சொற்களும் உண்டு. அப்பாவின் ஆவி நடமாடுகிறது என்று கேள்விப்பட்டதும் ஹாம்லெட், "ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே" என்கிறான். இன்றைய ஆங்கிலேயருக்கு இது "சதி எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன்" என்பது போல ஒலிக்கும். உண்மையில் அவன் சொல்வது, "ஏதோ சதி நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்." நம் 'சந்தேகம்' இரண்டு பக்கமும் வெட்டும் சொல். "அவன் வருவது சந்தேகம்" என்றால் வரமாட்டான் என்ற எண்ணம். "அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகம்" என்றால் எடுத்திருப்பான் என்ற எண்ணம். ஷேக்ஸ்பியர் காலத்து டவுட்டும் அப்படித்தான். காதலி ஒஃபிலியாவுக்கு ஹாம்லெட் எழுதிய கடிதத்தில் உள்ள நாலு வரிப் பாட்டைப் பாருங்கள்: விண்மீன்கள் நெருப்பு என்பதைச் சந்தேகி, சூரியன் நகர்கிறது என்பதைச் சந்தேகி, உண்மையே பொய்யனோ என்று சந்தேகி, என் காதலை மட்டும் சந்தேகிக்காதே. நான்கு வரியிலும் அதே டவுட். ஆனால் மூன்றாவது வரியில் மட்டும் அது நம்பாதே என்பதிலிருந்து புரண்டு சந்தேகப்படு என்று ஆகிவிடுகிறது. இந்தப் புரளலை ஆங்கிலப் பதிப்புகள் அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் 'சந்தேகி' என்று போட்டாலே வந்துவிடுகிறது.

'மீதிங்ஸ்' என்ற சொல்லும் அப்படி. 'ஐ திங்க்' என்பதன் பழைய வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் உள்ள 'மீ' நான் இல்லை, எனக்கு. எனக்குத் தோன்றுகிறது என்று நாம் சொல்கிற அதே கட்டமைப்பு. ஹாம்லெட்டின் அம்மா, அரசி கெர்ட்ரூட் ஒரு நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணவன் இறந்தாலும் மறுமணம் செய்யமாட்டேன் என்று நாடகத்து அரசி சத்தியத்துக்கு மேல் சத்தியம் செய்கிறாள். "எப்படி இருக்கிறது நாடகம்?" என்று மகன் கேட்க, "த லேடி டத் ப்ரொடெஸ்ட் டூ மச், மீதிங்ஸ்" என்கிறாள். இன்று இந்த வரியை, அளவுக்கு மீறி மறுப்பவர்மேல் சந்தேகம் வரும் என்ற பொருளில் மேற்கோள் காட்டுகிறார்கள். இங்கே ப்ரொடெஸ்ட் என்பது எதிர்ப்போ மறுப்போ இல்லை, உறுதிமொழி. "அந்தம்மா ரொம்பத்தான் சத்தியம் பண்ணுகிறாள் என்று தோன்றுகிறது." சொல்பவள் கணவன் இறந்த இரண்டே மாதத்துக்குள் கொழுந்தனை மணந்துகொண்டவள் என்பதை நினைத்தால்தான் வரி சுடும்.

சரி, 'தௌ'வுக்கு வருவோம். தௌ, தீ, தை, தைன் எல்லாம் நீ, உன்னை, உன், உன்னுடையது என்று உங்கள் பட்டியலில் இருக்கும். அதோடு வினையின் வாலும் மாறும்: தௌ ஹாஸ்ட், தௌ ஆர்ட். நீ என்றால் வந்தாய், நீங்கள் என்றால் வந்தீர்கள் என்று பிறந்ததிலிருந்து மாற்றிப் பேசும் நமக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. பட்டியல் சொல்லாத செய்தி, அதே காட்சியில் 'நீங்கள்' என்ற பொருளில் 'யூ'வும் இருக்கிறது என்பது. இரண்டில் எதை எடுக்கிறான் என்பதில்தான் நாடகமே நடக்கிறது. தௌ என்றால் மரியாதையான பழைய சொல் என்று இன்றைய ஆங்கிலேயர் பலர் நினைப்பதற்கு, பேச்சிலிருந்து அது மறைந்த பிறகும் பைபிளிலும் ஜெபத்திலும் மட்டும் தங்கிவிட்டது காரணம். நமக்கு அந்தக் குழப்பம் வர வேண்டியதில்லை. முருகனையும் 'நீ' என்கிறோம், குழந்தையையும் 'நீ' என்கிறோம், சண்டைக்கு வந்தவனையும் 'நீ' என்கிறோம். தௌ அதேதான்.

1603இல் சர் வால்டர் ராலேயின் தேசத்துரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், "ஐ தௌ தீ, தௌ ட்ரெய்டர்" என்று சீறினார். தௌ என்பதையே வினைச்சொல்லாக்கி, உனக்கு நீ போதும்டா துரோகி என்கிற மாதிரி. ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்திலும் சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப் போகிறவனிடம், மூன்று தடவை தௌ போட்டால் தப்பில்லை என்று சர் டோபி யோசனை சொல்கிறான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'ஹாம்லெட்' 3ஆம் அங்கம் 4ஆம் காட்சியைத் திறங்கள். அப்பாவைக் கொன்றவன் சித்தப்பா கிளாடியஸ்; அம்மா அவனைத்தான் மணந்திருக்கிறாள். மகனைக் கண்டிக்கத் தன் அறைக்கு வரவழைத்திருக்கிறாள். தமிழில் ஏறக்குறைய இப்படி:

"ஹாம்லெட், உன் அப்பாவை நீ மிகவும் புண்படுத்திவிட்டாய்."
"அம்மா, என் அப்பாவை நீங்கள் மிகவும் புண்படுத்திவிட்டீர்கள்."
"போதும் போதும், அசட்டு நாக்கால் பதில் சொல்கிறீர்கள்."
"போங்கள் போங்கள், பொல்லாத நாக்கால் கேள்வி கேட்கிறீர்கள்."

முதல் வரியில் தாய் மகனை 'தௌ' என்கிறாள், இயல்பு. 'உன் அப்பா' என்று அவள் சொல்வது கிளாடியஸை. மகன் அதே வாக்கியத்தைத் திருப்பி அடிக்கிறான். சொற்கள் ஏறத்தாழ அவையேதான், ஆனால் 'என் அப்பா' என்றதும் ஆள் மாறிவிடுகிறார், இறந்துபோன அரசர் அறைக்குள் வந்து நிற்கிறார். மூன்றாவது வரியைக் கவனியுங்கள். அம்மா 'தௌ'வை விட்டுவிட்டு 'யூ'வுக்குத் தாவுகிறாள். நம் வீட்டில் கோபம் தலைக்கேறிய அம்மா, "சொல்லுங்க சார், நீங்கதான் பெரிய மனுஷன் ஆயிட்டீங்களே" என்று மகனுக்கு திடீர் மரியாதை கொடுப்பாள் இல்லையா, அதே குளிர்ச்சி. இன்னொரு கண்ணியும் இருக்கிறது: அசட்டு நாக்கு என்று நான் எழுதிய இடத்தில் மூலத்தில் 'ஐடில்' என்று இருக்கும். சோம்பேறி நாக்கு என்று யாராவது மொழிபெயர்த்துக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

இப்படி வரிக்கு வரி வெட்டிக்கொள்வதற்கு ஸ்டிகோமித்தியா என்று பெயர், கிரேக்க நாடகத்திலிருந்து வந்த உத்தி. தேர்வுக்கு அந்தப் பெயர் வேண்டும்தான், எழுதுங்கள். ஆனால் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அம்மா நீயிலிருந்து நீங்களுக்குத் தாவியதை விட்டுவிட்டால் காட்சியில் பாதி போயிற்று.

அணிக்கு நான் எப்போதும் காட்டுகிற இடம் 'ஜூலியஸ் சீசர்', சீசரின் இறுதிச்சடங்கில் நடக்கும் இரண்டு பேச்சுகள். கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் முதலில் பேசுகிறான், உரைநடையில். "சீசர் என்னை நேசித்தார், அதற்காக அழுகிறேன், அதிர்ஷ்டசாலியாக இருந்தார், அதற்காக மகிழ்கிறேன், வீரராக இருந்தார், அதற்காக மதிக்கிறேன், ஆம்பிஷஸாக இருந்தார், அதற்காகக் கொன்றேன்." தராசில் நிறுத்த மாதிரி வாக்கியங்கள். கூட்டம் மயங்கிவிடுகிறது. எவ்வளவு மயக்கம் என்றால் ஒருவன் "இவரே சீசராகட்டும்" என்று கத்துகிறான்! சீசர் என்று ஒருவர் கூடாது என்பதற்காகக் கொலை செய்தவனுக்குக் கிடைத்த பாராட்டு அது. புரூட்டஸ் கவனிப்பதில்லை.

ஆம்பிஷஸ் என்பதும் தெரிந்த சொல்தான், ஆகவே கவனம். இன்று வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நம்மைப் பற்றி நாமே பெருமையாக எழுதிக்கொள்ளும் சொல். அன்று அது குற்றச்சாட்டு. இலத்தீன் வேர், ஓட்டுக் கேட்டு ஊர் சுற்றுவதைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோது பதவிவெறி என்ற நாற்றத்தோடு வந்தது (இன்றைய பொருளில்தான் சொல்கிறேன்). இலட்சியவாதி என்று பொருள் கொண்டால் கொலைக்கான காரணமே விளங்காது.

அடுத்து சீசரின் நண்பன் ஆண்டனி. இவன் செய்யுளில் பேசுகிறான். கொலைகாரர்களைக் குறைசொல்ல அவனுக்கு அனுமதி இல்லை, அந்த நிபந்தனையின் பேரில்தான் மேடையே கிடைத்தது. ஆகவே புகழ்கிறான். சீசர் பதவிவெறியர் என்று புரூட்டஸ் சொல்கிறார், புரூட்டஸ் ஹானரபிள் மனிதர், அதாவது மாண்புமிக்கவர். ஏழைகள் அழுதபோது சீசரும் அழுதார். ஆனாலும் புரூட்டஸ் சொல்கிறார், புரூட்டஸ் ஹானரபிள் மனிதர். மூன்று முறை கிரீடத்தை நீட்டினேன், மூன்று முறையும் மறுத்தார், இதுவா பதவிவெறி? ஆனாலும் புரூட்டஸ் சொல்கிறார். டீக்கடையில் ஒருவர் "அவரு ரொம்ப யோக்கியருங்க" என்று மூன்றாவது முறை சொல்லும்போது நமக்குப் புரிந்துவிடும் அல்லவா? முதல் தடவை அது மரியாதை, இரண்டாம் தடவை நெருடல், அப்புறம் வசவு. கடைசியில் கூட்டத்திலிருந்து ஒருவனே "துரோகிகள் அவர்கள்! ஹானரபிள் மனிதர்களாம்!" என்று கத்துகிறான். ஆண்டனி வாயால் ஒரு வசவும் சொல்லவில்லை, கூட்டத்தைச் சொல்ல வைத்துவிட்டான். குறிப்பு முரண், திரும்பவரல் என்றெல்லாம் பெயர் வைக்கலாம். எனக்கு இது ஒரு சொல்லை மேடையில், எல்லோரும் பார்க்க, கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வதாகவே தெரிகிறது. அன்று இரண்டாவது கொலை அது.

சிலேடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாமுவேல் ஜான்சன் 1765இல் வெளியிட்ட பதிப்பின் முன்னுரையில், சிலேடைதான் ஷேக்ஸ்பியரைக் கெடுத்த கிளியோபாட்ரா, அதற்காக உலகத்தையே இழக்கவும் அவர் துணிந்தார் என்று அலுத்துக்கொண்டார். காளமேகத்தை ரசித்து வளர்ந்தவர்கள் நாம், ஜான்சனின் அலுப்பு நமக்கு வேண்டாம். கத்திக்குத்துப் பட்டுச் சாகும் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ, "நாளைக்கு என்னைத் தேடி வாருங்கள், க்ரேவ் மனிதனாக இருப்பேன்" என்கிறான். க்ரேவ் என்றால் விளையாட்டே இல்லாத தீவிரமான, கல்லறை என்றும் பொருள். வாழ்நாள் முழுக்க விளையாட்டுப் பேச்சு பேசியவன், சாகும்போதும் அதை விடவில்லை. ஆனால் பல சிலேடைகள் உச்சரிப்பு மாறியதால் செத்துவிட்டன. 'இப்போதுதான் இது உண்மையான ரோம், ஒரே ஒருவனுக்கு மட்டும் ரூம் இருக்கிறது' என்று 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் காசியஸ் சீசரைக் குத்துகிறான். அன்று ரோமையும் ரூம் என்றே சொல்ல முடியும். காரணம் சொல் என்று வற்புறுத்துபவர்களிடம் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் கோமாளி வீரன் ஃபால்ஸ்டாஃப், ரீசன் பிளாக்பெர்ரி மாதிரி மலிந்து கிடந்தாலும் தரமாட்டேன் என்கிறான். காரணத்துக்கும் பிளாக்பெர்ரிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ரீசன் அன்று ரெய்சின் போல, உலர்திராட்சை போல ஒலித்தது.

கடைசியாக 'மக்பெத்'. நாடக முரண் என்று வகுப்பில் சொல்வார்கள்: நமக்குத் தெரியும், மேடையில் நிற்பவனுக்குத் தெரியாது. துரோகம் செய்த காடர் பிரபுவைப் பற்றி மன்னர் டங்கன், முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் வித்தை கிடையாது, அவனை முழுக்க நம்பியிருந்தேனே என்று பெருமூச்சு விடுகிறார். அந்த வரி முடியவில்லை, மன்னரைக் கொல்லும் எண்ணம் மனத்தில் முளைத்துவிட்ட மக்பெத் உள்ளே வருகிறான். அதே காடர் பட்டம் இப்போது அவனுக்குத்தான் கிடைத்திருக்கிறது. மன்னர் வாயெல்லாம் புகழ்ச்சியாக அவனை வரவேற்கிறார். மேடைக்குறிப்பில் இருப்பது 'மக்பெத் வருகிறான்' என்ற வெறும் தகவல். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

டங்கனைக் கொன்றபின் மக்பெத் தன் கையைப் பார்த்துச் சொல்வது: கடல் இந்த இரத்தத்தைக் கழுவாது, என் கைதான் "மல்டிட்யூடினஸ் சீஸ் இன்கார்னடைன், மேக்கிங் த க்ரீன் ஒன் ரெட்." எடுத்த எடுப்பில் இரண்டு நீண்ட இலத்தீன் சொற்கள், அலை மாதிரி உருள்கின்றன. உடனே குட்டிக் குட்டி நாட்டுச் சொற்கள்: பச்சையை ஒரே சிவப்பாக்கிவிடும். இன்கார்னடைன் தெரியாதே என்று அகராதிக்கு ஓடாதீர்கள், அடுத்த பாதி அதன் பொருளைத்தான் சொல்கிறது. 'க்ரீன்' என்பதற்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி, 'ஒன் ரெட்' என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பச்சை நிறத்து ஒன்று என்று படித்தால் வரி சப்பென்று ஆகிவிடும். அவன் இதைச் சொல்லி முடித்ததும் மனைவி உள்ளே வந்து, கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவிவிடலாம் என்கிறாள். 5ஆம் அங்கத்தில் அவளே தூக்கத்தில் நடந்தபடி, அரேபியாவின் வாசனைத் திரவியம் அத்தனையும் சேர்ந்தாலும் இந்தச் சின்னக் கையை மணக்க வைக்காது என்று புலம்புகிறாள். அதுவரை செய்யுளில் பேசிய அரசி அந்தக் காட்சியில் உரைநடையில் பேசுகிறாள், சந்தம் குலைந்துவிட்டது.

நடைமுறைக்கு வந்தால்: முதல் வாசிப்பில் தெரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள், வாய்விட்டுப் படியுங்கள். தெரிந்த சொற்களால் ஆன வாக்கியம் அர்த்தமில்லாமல் நின்றால் அங்கே மட்டும் அடிக்குறிப்பைப் பாருங்கள். 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' பக்கம் இப்போது போகவே வேண்டாம், அது படித்தவர்களைக் கேலி செய்ய எழுதியது, கேலி புரிய நாமும் அவ்வளவு படித்திருக்க வேண்டும்.

'ஜூலியஸ் சீசர்' இதமான தொடக்கம். அதன் முதல் காட்சியில் ரோம் வீதியில் ஒரு செருப்புத் தைப்பவரை அதிகாரி மறித்து, "என்ன தொழில், தௌ நேவ்? தௌ நாட்டி நேவ், என்ன தொழில்?" என்று அதட்டுகிறார். தௌவும் நாட்டியும் இப்போது உங்களுக்குத் தெரியும். நேவ் என்பது ஒரு காலத்தில் வெறும் பையன், அப்புறம் வேலைக்காரன், அப்புறம் போக்கிரி. தைப்பவரோ 'யூ', 'சர்' என்று பணிவாகத்தான் பதில் சொல்கிறார்: என்மேல் 'அவுட்' ஆகாதீர்கள் ஐயா, அப்படியே 'அவுட்' ஆனாலும் உங்களைச் சரிபண்ணித் தருகிறேன். முதல் அவுட் கோபம், இரண்டாவது அவுட் செருப்பின் கிழிசல். அதிகாரி புரியாமல், என்னைச் சரிபண்ணுவதா என்று எகிறுகிறார்.